‘கூடாது’ பட்டியலில் உள்ள கட்டளைகள்

செலண்டார், ஜாசின் வட்டாரத்தில் பல தமிழ் வீடுகளில் ஒரு தாத்தாவோ பாட்டியோ பால்மரம் வெட்டியவராக இருப்பார். அவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: கத்தி எவ்வளவு ஆழம் போகலாம்?

பதில் உடனே வரும். பட்டையோடு நிற்க வேண்டும், கத்தி மரத்தில் படவே கூடாது.

ஆனால் மரத்தின் உடற்கூற்றைப் பார்த்தால் வேறொரு செய்தி இருக்கிறது. பால் ஓடும் நுண்குழாய்கள் பட்டையின் உட்பகுதியில்தான் நெருக்கமாக இருக்கின்றன. ஆழமாகப் போகப் போகப் பால் கூடும். பிறகு ஏன் தடை? அந்தக் குழாய்களை அடுத்து கேம்பியம் என்னும் மெல்லிய வளர்படலம் இருக்கிறது. புதுப் பட்டையை உண்டாக்குவது அதுதான். கத்தி அதைத் தொட்டால் காயம். பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். சில ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் மறுபடி வெட்ட வரும்போது அந்தப் பட்டை உதவாது. கைதேர்ந்த ஒருவர் கேம்பியத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் கத்தியை நிறுத்திவிடுவார். விடியாத இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி முடிக்க வேண்டிய எல்லோராலும் அது முடியுமா? அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக ஒரு விதி.

கணினி நிரல் எழுதும் நிறுவனங்களிலும் இப்படிப்பட்ட விதிகள் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஓர் ஆவணத்தைக் கையில் கொடுப்பார்கள். நிரலாக்க விதித்தொகுப்பு என்று அதைச் சொல்லலாம். மாறிகளுக்கு எப்படிப் பெயர் வைப்பது, வரி எவ்வளவு நீளம் இருக்கலாம் என்பது போன்ற சாதாரண விஷயங்களோடு, ‘இவற்றைப் பயன்படுத்தக் கூடாது’ என்றொரு பட்டியலும் அதில் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பட்டியலில் இருப்பவை எல்லாம் கெட்ட நுட்பங்கள் அல்ல. சில மிகப் பயனுள்ளவை. சிலவற்றை உங்கள் ஆசிரியரே வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்.

இது நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. மலாக்கா பத்து பெரெண்டாமில் 1973 முதல் இயங்கிவரும் மைக்ரோசிப் தொழிற்சாலை இன்று இன்பினியோன் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. உலகெங்கும் கார் தயாரிப்பாளர்களுக்குச் சில்லுகள் விற்கும் நிறுவனம் அது. உங்கள் அண்ணனோ அக்காவோ பக்கத்து வீட்டுக்காரரோ அங்கே வேலை செய்யலாம். காரின் பிரேக்கையும் காற்றுப்பையையும் கட்டுப்படுத்தும் சில்லுகளுக்குள் ஓடும் நிரல்கள், உலகிலேயே மிகக் கடுமையான தடைப் பட்டியல்களுக்கு உட்பட்டு எழுதப்படுகின்றன. படிவம் 5 முடித்து அந்தத் துறைக்குப் போக நினைப்பவர்கள், தடைகளோடு அவற்றின் காரணங்களையும் தெரிந்துகொண்டு போவது நல்லது.

இடியாப்பச் சிக்கல்

தடைப் பட்டியல்களில் மிகப் புகழ்பெற்றது ‘கோ-டு’ கட்டளை. ‘அந்த இடத்துக்குப் போ’ என்று பொருள். நாம் ‘தாவு’ என்றே சொல்வோம்.

1960களில் நிரல்கள் பெரும்பாலும் இந்தத் தாவலால்தான் நடந்தன. பேசிக் மொழியில் ஒவ்வொரு வரிக்கும் எண் உண்டு. 10ஆம் வரியில் தொடங்கி 80க்குத் தாவலாம், அங்கிருந்து 30க்குத் திரும்பலாம், அங்கிருந்து 200க்குப் போகலாம். சிறு நிரலுக்கு இது வசதி. நிரல் சில நூறு வரிகளைத் தாண்டினால், எந்த வழி எங்கே போகிறது என்று விரல் வைத்துப் பின்தொடரவே முடியாது. இடியாப்பத்தில் ஓர் இழையின் நுனியைப் பிடித்து மறுநுனியைத் தேடுவது போன்ற வேலை.

1968 மார்ச்சில் நெதர்லாந்துக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா ஓர் அமெரிக்கக் கணினி இதழுக்கு இதைப் பற்றி எழுதினார். அவர் கொடுத்த தலைப்பு சாதாரணமானது. இதழின் ஆசிரியராக இருந்த நிக்லாஸ் விர்த் அதை மாற்றி, தாவு கட்டளை தீங்கானது என்று பொருள்படும் சூடான தலைப்பு ஒன்றை வைத்தார். தலைப்புதான் உலகம் முழுக்கப் பரவியது. உள்ளே என்ன எழுதியிருந்தது என்று படித்தவர்கள் அவ்வளவு பேர் இல்லை.

டெய்க்ஸ்ட்ரா சொன்னதைச் சுருக்கமாகப் பார்ப்போம். நிரலில் ஏதாவது ஒரு வரியில் விரலை வையுங்கள். ‘கணினி இந்த வரிக்கு வந்து சேரும்போது, என்னென்ன வேலைகள் முடிந்திருக்கும்?’ என்று கேளுங்கள். சுழற்சிகளாலும் நிபந்தனைகளாலும் ஒழுங்காகக் கட்டப்பட்ட நிரலில் இதற்குப் பதில் சொல்லலாம்: இந்தச் சுழற்சியின் மூன்றாம் சுற்றில் இருக்கிறோம், இந்த நிபந்தனை உண்மையாகியிருக்கிறது. கண்டபடி தாவும் நிரலில் அந்தப் பதில் கிடைக்காது. ஏனென்றால் எங்கிருந்து வேண்டுமானாலும் இந்த வரிக்கு வந்திருக்கலாம்.

அவருடைய அக்கறை முழுவதும் நிரலைப் படிக்கும் மனிதனைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள். கணினிக்குத் தாவல் ஒரு சிக்கலே இல்லை. நீங்கள் எழுதும் ஒவ்வொரு நிபந்தனையும் ஒவ்வொரு சுழற்சியும் சில்லுக்குள் போகும்போது தாவல் கட்டளைகளாகத்தான் மாறுகிறது.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1974இல், அமெரிக்காவின் டானல்ட் நூத் நீண்ட கட்டுரை ஒன்றில் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். தாவலை எடுத்துவிட்டால் நிரல் தெளிவாகும் இடங்களையும், எடுத்தால் இன்னும் மோசமாகும் இடங்களையும் எடுத்துக்காட்டுகளோடு பிரித்து வைத்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. ‘தாவு கூடாது’ என்பது பல நிறுவனங்களில் சட்டமாகியிருந்தது. படிவம் 4 கணினி அறிவியலில் ஜாவா படிப்பவர்கள் இதன் எச்சத்தை இன்றும் பார்க்கலாம். ஜாவாவில் கோ-டு என்ற சொல் மொழிக்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதற்கு எந்த வேலையும் கிடையாது. உங்கள் மாறிக்கு அந்தப் பெயரை வைத்தால் கம்பைலர் ஏற்காது. பூட்டிய அறைக்குப் பெயர்ப்பலகை மட்டும் மாட்டி வைத்தது போல.

தாவினால் தெளிவாகும் இடம்

உங்கள் கைப்பேசி ஆண்ட்ராய்டு என்றால், அதன் அடித்தளத்தில் லினக்ஸ் இருக்கிறது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. லினக்ஸின் உட்கருவுக்கும் எழுதப்பட்ட விதித்தொகுப்பு உண்டு. அது தாவலைத் தடை செய்யவில்லை. எங்கே பயன்படுத்தலாம் என்று தனிப் பகுதியே அதில் இருக்கிறது.

காரணத்தை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். ஒரு படம் எடுக்க மூன்று வேலை செய்ய வேண்டும். நினைவகத்தில் இடம் கேட்க வேண்டும், கேமராவைத் திறக்க வேண்டும், கோப்பை உருவாக்க வேண்டும். மூன்றாவது வேலை தோற்றுப் போனால் அப்படியே விட்டுவிட்டு வெளியேற முடியாது. திறந்த கேமராவை மூட வேண்டும், வாங்கிய நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டாவதே தோற்றால் நினைவகத்தை மட்டும் திருப்பினால் போதும். விருந்துக்குப் பந்தல் போட்டவர்கள் கலைக்கும்போது கடைசியில் கட்டியதை முதலில் அவிழ்ப்பதைப் போல, எல்லாம் தலைகீழ் வரிசையில் நடக்க வேண்டும். தமிழில் எழுதிப் பார்ப்போம்:

நினைவகம் கேள். கிடைக்காவிட்டால் தாவு → முடிவு
கேமராவைத் திற. திறக்காவிட்டால் தாவு → நினைவகத்தை விடு
கோப்பை உருவாக்கு. முடியாவிட்டால் தாவு → கேமராவை மூடு
படத்தை எழுது, கோப்பை மூடு
கேமராவை மூடு: கேமரா மூடப்படுகிறது
நினைவகத்தை விடு: நினைவகம் திருப்பித் தரப்படுகிறது
முடிவு: வெளியேறு

எந்தப் படியில் தடுக்கினாலும் சரியான இடத்தில் இறங்கி, அங்கிருந்து கீழ்நோக்கிச் சுத்தம் செய்துகொண்டே வெளியேறுகிறது. தாவு கூடாது என்றால் இதை எப்படி எழுதுவது? நிபந்தனைக்குள் நிபந்தனை, அதற்குள் இன்னொரு நிபந்தனை என்று பெட்டிக்குள் பெட்டி வைக்க வேண்டும். அல்லது ஒவ்வொரு தோல்விக்கும் சுத்தம் செய்யும் வரிகளைத் திரும்ப எழுத வேண்டும். திரும்ப எழுதும்போது ஒரு வரி விட்டுப்போனால், கைப்பேசியின் நினைவகம் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகும். இரண்டு நாள் கழித்துக் காரணமில்லாமல் தொங்கும்.

இந்தத் தாவல்களில் இரண்டு ஒழுங்கு இருப்பதைப் பார்த்தீர்களா? எல்லாம் கீழ்நோக்கியே போகின்றன. ஒரே செயல்கூற்றுக்குள்ளேயே நிற்கின்றன. டெய்க்ஸ்ட்ராவின் விரல் சோதனையை இதில் செய்து பாருங்கள். எந்த வரியில் வைத்தாலும் பதில் கிடைக்கும்.

ஆப்பிளில் நடந்தது

2014 பிப்ரவரி 21ஆம் தேதி ஆப்பிள் நிறுவனம் ஐபோன்களுக்கு அவசரமாக ஒரு புதுப்பிப்பை வெளியிட்டது. பாதுகாப்பான இணையத் தொடர்பைச் சரிபார்க்கும் நிரலில் ஓட்டை. நீங்கள் ஒரு வங்கித் தளத்துக்குப் போகும்போது, எதிரில் இருப்பது உண்மையிலேயே அந்த வங்கிதானா என்று கைப்பேசி சில சோதனைகள் செய்யும். அவற்றில் முக்கியமான ஒன்று நடக்காமலே ‘சரி’ என்று விடை வந்துகொண்டிருந்தது. ஒரே வைஃபையில் இருக்கும் கெட்ட எண்ணக்காரர் நடுவில் புகுந்து வங்கியைப் போல நடிக்க முடிந்தது.

தவறு என்ன தெரியுமா? ஒரு வரி இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது.

சோதனை 1 தோற்றால்
    தாவு → தோல்வி
சோதனை 2 தோற்றால்
    தாவு → தோல்வி
    தாவு → தோல்வி
சோதனை 3 தோற்றால்
    தாவு → தோல்வி

சி மொழியில் நெளிவு அடைப்புக்குறி போடாவிட்டால், நிபந்தனைக்கு அடுத்த ஒரே ஒரு கட்டளைதான் அதற்குச் சொந்தம். ஆகவே முதல் ‘தாவு’ சோதனை 2 தோற்றால் மட்டும் நடக்கும். இரண்டாவது எப்போதும் நடக்கும். வலப்பக்கம் தள்ளி எழுதியிருப்பது நம் கண்ணைத்தான் ஏமாற்றும், கம்பைலரை ஏமாற்றாது. சோதனை 2 வெற்றி என்றாலும் நிரல் தாவிவிடும், சோதனை 3ஐ எட்டவே எட்டாது. அதுவரை எந்தப் பிழையும் பதிவாகாததால், ‘தோல்வி’ என்ற பெயருள்ள இடத்துக்குப் போயும் ‘வெற்றி’ என்றே விடை திரும்பும்.

செய்தி வெளியானதும் பலரும் சொன்னது ஒன்றுதான்: ‘பார்த்தீர்களா, தாவு கட்டளையைப் பயன்படுத்தினால் இப்படித்தான்!’ என் கருத்தில் இது அவசரத் தீர்ப்பு. நீங்களே சோதித்துப் பாருங்கள். மேலே ‘தாவு → தோல்வி’ என்று இருக்கும் இடங்களில் எல்லாம் ‘விடையோடு திரும்பு’ என்று மாற்றுங்கள். அதாவது எல்லோரும் நல்லது என்று ஒப்புக்கொள்ளும் ரிட்டர்ன் கட்டளை. தவறு அப்படியே இருக்கிறது! இரண்டாவது ‘திரும்பு’ எப்போதும் நடக்கும், சோதனை 3 நடக்காது.

காப்பாற்றியிருக்கக்கூடிய விதி வேறு. ‘நிபந்தனைக்குக் கீழே ஒரே வரி இருந்தாலும் அடைப்புக்குறி போடு’ என்பது அது. பார்க்கச் சின்ன விதி, பலருக்கு எரிச்சலூட்டும் விதி. பைத்தானில் எழுதப் பழகியவர்களுக்கு இன்னொன்றும் தோன்றும். அந்த மொழியில் உள்தள்ளல்தான் எல்லை. அங்கே இப்படி ஒரு வரி இரண்டு முறை வந்தால், இரண்டும் நிபந்தனைக்குள்ளேயே அடங்கும், ஒன்றும் ஆகியிருக்காது.

தன்னையே அழைக்கும் செயல்கூறு

இரண்டாவது தடையை நான் மிகவும் மதிக்கிறேன். அதே நேரம் அது தவறான இடங்களில் ஒட்டப்படுவதைப் பார்க்கச் சங்கடமாகவும் இருக்கிறது. ரிகர்ஷன் என்று சொல்வார்கள். ஒரு செயல்கூறு தன் வேலையின் நடுவே தன்னையே அழைப்பது.

கணினியில் ஒரு கோப்புறைக்குள் எத்தனை படங்கள் இருக்கின்றன என்று எண்ண வேண்டும். உள்ளே கோப்புறைகள், அவற்றுக்குள் இன்னும் கோப்புறைகள். எத்தனை அடுக்கு என்று முன்கூட்டித் தெரியாது. ரிகர்ஷனில் இதற்கு இரண்டே வாக்கியம் போதும்: ‘இந்தக் கோப்புறையில் உள்ள படங்களை எண்ணு. உள்ளே வேறு கோப்புறை இருந்தால் அதையும் இதே முறையில் எண்ணிக் கூட்டிக்கொள்.’ குடும்ப மரம், சதுரங்க ஆட்டம், வரிசைப்படுத்தல் என்று இது அழகாகப் பொருந்தும் இடங்கள் ஏராளம்.

வாசலில் போடும் கோலத்திலும் இந்த எண்ணம் இருக்கிறது. ஒரு சிறு வடிவத்தை எடுத்து, அதே விதியை அதன்மேல் திரும்பத் திரும்பச் செலுத்தினால் பெரிய கோலமாக வளரும். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருதிவாசனுடன் சேர்ந்து, கோலங்களை உருவாக்கும் இலக்கண விதிகளைப் பற்றி 1974இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். கணினி வரைகலைத் துறையினர் அதைத் தேடிப் படித்தார்கள்.

இவ்வளவு நல்ல நுட்பத்துக்கு ஏன் தடை? சில்லுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரு செயல்கூற்றை அழைக்கும்போது, ‘வேலை முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும்’ என்ற குறிப்பையும் அதன் மாறிகளையும் கணினி நினைவகத்தின் ஒரு பகுதியில் வைக்கும். மங்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது போல அடுக்கும். வேலை முடிந்தால் மேலே உள்ள மங்கு எடுக்கப்படும். ரிகர்ஷனில் முதல் அழைப்பு முடிவதற்குள் இரண்டாவது, அதற்குள் மூன்றாவது என்று மங்குகள் ஏறிக்கொண்டே போகும்.

உங்கள் மடிக்கணினியில் கூரை உயரமாக இருக்கிறது. அப்படியும் பைத்தான் ஒரு வரம்பு வைத்திருக்கிறது: வழக்கமான அமைப்பில் ஏறக்குறைய 1000 அழைப்புகளில் நிறுத்தி, பிழைச்செய்தி காட்டும். இனி ரோபோட்டிக் பயிற்சியில் பார்க்கும் ஆர்டுவினோ உனோவுக்கு வாருங்கள். அதன் நினைவகம் மொத்தம் 2048 பைட்டுகள். ஓர் அழைப்புக்கு 20 பைட்டுகள் என்று வைத்தால்கூட, 2048ஐ 20ஆல் வகுக்க 102 வருகிறது. மற்ற மாறிகளுக்கும் இடம் வேண்டும் என்பதால் நூறைக்கூட எட்ட முடியாது. அதைவிட மோசம், அடுக்கு நிரம்பி வழிந்தால் அங்கே பிழைச்செய்தி எதுவும் வராது. பக்கத்தில் இருக்கும் மாறியின் மேல் போய் எழுதிவிடும். அந்த இடத்தில் சக்கரத்தின் வேகம் குறித்துவைக்கப்பட்டிருந்தால்?

நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் பணியாற்றிய ஜெரார்ட் ஹோல்ஸ்மன் 2006இல் பாதுகாப்பு முக்கியமான நிரல்களுக்காகப் பத்தே பத்து விதிகளை வெளியிட்டார். முதல் விதியிலேயே தாவலும் ரிகர்ஷனும் தடை. இரண்டாவது விதி, எந்தச் சுழற்சியும் அதிகபட்சம் எத்தனை முறை சுற்றும் என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும் என்கிறது. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே எண்ணம்தான் இருக்கிறது. விண்கலம் கிளம்புவதற்கு முன்னே, ‘மிக மோசமான நிலையில்கூட இவ்வளவு நினைவகத்துக்கு மேல் போகாது’ என்று கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். ரிகர்ஷன் இருந்தால் அந்தக் கணக்கு கடினமாகிவிடும். செவ்வாய்க்குப் போன கலத்தை யார் போய் அணைத்துப் போடுவது? ஒரு கட்டளை அங்கே போய்ச் சேரவே தூரத்தைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம் ஆகும்.

ஆகவே பிரேக்கிலும் விண்கலத்திலும் இந்தத் தடை மிகச் சரி. அதே வரியை ஒரு புத்தகக் கடையின் இணையத்தளம் எழுதும் நிறுவனம் நகலெடுத்து வைத்துக்கொண்டால்? அங்கே நினைவகம் தாராளம். கோப்புறை எண்ணும் வேலைக்குக்கூட ரிகர்ஷன் கூடாது என்றால், நிரலாளர் தானே ஓர் அடுக்கை உருவாக்கி, தானே ஏற்றி இறக்கி, இரண்டு வாக்கிய வேலையை முப்பது வரியில் எழுதுவார். வரி கூடக் கூடப் பிழை புகும் இடமும் கூடும்.

‘ரிகர்ஷன் மெதுவானது, அதனால்தான் தடை’ என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இது பாதி உண்மை. பிபோனாச்சி எண்களில் ஒவ்வொன்றும் தனக்கு முந்தைய இரண்டின் கூட்டல். இதை அப்படியே ரிகர்ஷனாக எழுதி 30ஆவது எண்ணைக் கேட்டால், செயல்கூறு 26,92,537 முறை அழைக்கப்படும். பார்த்தவுடன் ரிகர்ஷன்மேல் கோபம் வரும். ஆனால் 28ஆவது எண்ணை இரண்டு முறையும், 27ஆவதை மூன்று முறையும், 26ஆவதை ஐந்து முறையும் புதிதாகக் கணக்கிடுவதுதான் அங்கே உள்ள கோளாறு. ஒரு முறை கண்டுபிடித்த விடையைக் குறித்துவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ரிகர்ஷன் அப்படியே இருக்க, 29 கூட்டல்களில் வேலை முடிந்துவிடும்.

விதியும் மாறும்

கார் நிரல்களுக்குப் பெயர்பெற்ற விதித்தொகுப்பு மிஸ்ரா. பிரிட்டனில் 1998இல் முதலில் வெளிவந்தது. அதன் 2004ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘தாவு கூடாது’ என்பது கட்டாய விதி. 2012ஆம் ஆண்டுப் பதிப்பில் அது பரிந்துரையாக இறங்கியது. ஆனால் கூடவே இரண்டு கட்டாய விதிகள் சேர்ந்தன: தாவினால் அதே செயல்கூற்றுக்குள் கீழ்நோக்கித்தான் தாவ வேண்டும், ஒரு கட்டத்துக்கு வெளியிலிருந்து அதன் நடுவுக்குள் குதிக்கக் கூடாது. லினக்ஸ்காரர்கள் பல ஆண்டுகளாகச் செய்துவந்ததும் ஏறக்குறைய இதுதான்! ரிகர்ஷன் மட்டும் 2012லும் கட்டாயத் தடையாகவே நின்றது. ஒன்று தளர்ந்தது, மற்றது தளரவில்லை. இரண்டின் ஆபத்தும் வேறு வேறு.

மிஸ்ராவில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. ஒரு விதியை மீற வேண்டிய தேவை வந்தால் அதற்கும் முறையான வழி இருக்கிறது. எந்த விதி, எந்த இடம், ஏன் மீறுகிறோம், அதனால் வரும் ஆபத்தை எப்படித் தடுத்திருக்கிறோம் என்று எழுதி, பொறுப்பானவரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். திருட்டுத்தனமாக மீறுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரியது. காரணம் தெரியாதவரால் அந்தத் தாளை நிரப்பவே முடியாது.

தமிழில் பெயர் வைத்தால்?

கடைசியாக, நம்மை நேரடியாகத் தொடும் ஒரு தடை. பைத்தான் மொழியின் மூன்றாம் பதிப்பு 2008இல் வந்ததிலிருந்து மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். நம் நாட்டு முத்து நெடுமாறனின் செல்லினத்திலோ முரசு அஞ்சலிலோ தட்டச்சு செய்து, ‘மொத்தம் = கணிதம் + அறிவியல்’ என்று எழுதினால் அது ஓடும். கட்டளைச் சொற்களையும் தமிழிலேயே கொண்ட ‘எழில்’ என்ற மொழியை முத்து அண்ணாமலை உருவாக்கியிருக்கிறார். இதைத் தெரியாத பலர், கணினிக்குத் தமிழ் புரியாது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் பெரும்பாலான நிறுவனங்களின் விதித்தொகுப்பு, பெயர்கள் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லும். பைத்தான் மொழியோடு வரும் அடிப்படை நூலகத்துக்கும் அதே விதிதான். பினாங்கில் ஒருவர், பெங்களூரில் ஒருவர், பிராகாவில் ஒருவர் சேர்ந்து எழுதும் நிரலில் இது நியாயமானதே. மூவரும் படிக்க வேண்டுமல்லவா? டெய்க்ஸ்ட்ராவின் விரலை இங்கேயும் நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பள்ளிக் கணினிக் கழகத்தில் நான்கு தமிழ் மாணவர்கள் பழகுவதற்காக எழுதும் நிரலுக்கு அந்தக் காரணம் பொருந்துமா? எனக்குத் தோன்றவில்லை. முதல் முறை படிப்பவருக்குத் தமிழ்ப் பெயரில் ஒரு நன்மைகூட உண்டு. எது மொழியின் சொல், எது நாம் வைத்த பெயர் என்று பார்த்தவுடன் பிரிந்து தெரியும். தேர்வுத் தாளுக்கும் செயல்திட்டத்துக்கும் மட்டும் ஆசிரியரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓர் ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். பழைய தமிழ் எண்களில் ஒன்றைக் குறிக்கும் ௧, எழுத்து க போலவே இருக்கும். இரண்டைக் குறிக்கும் ௨, உ போலவே இருக்கும். பைத்தானுக்கு அவை எண்கள் என்று தெரியும். ‘௧௨’ என்ற எழுத்துத்தொடரை முழு எண்ணாக மாற்றச் சொன்னால் 12 என்று சரியாகவே விடை தரும். சிக்கல் பெயர்களில் வருகிறது. ‘வரிக’ என்று ஒரு மாறிக்குப் பெயர் வைத்து அதில் 5 போடுங்கள். அடுத்த வரியில் ‘வரி௧’ என்பதை அச்சிடச் சொல்லுங்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அப்படி ஒரு பெயரே இல்லை என்று பைத்தான் சொல்லும். அரை மணி நேரம் திரையை முறைத்துப் பார்த்தாலும் காரணம் பிடிபடாது.

ஆகவே உங்கள் கழகத்துக்கு ஒரு விதித்தொகுப்பு எழுதினால், ‘தமிழ்ப் பெயர் கூடாது’ என்று எழுத வேண்டியதில்லை. ‘பெயர்களில் தமிழ் எழுத்துகள் வரலாம். பழைய தமிழ் எண்கள் வேண்டாம், க போலத் தெரியும் ௧ குழப்பும்’ என்று காரணத்தோடு எழுதிச் சுவரில் ஒட்டிவிடலாம்.